தாணுமாலயன் சாரின் நாவலுக்கு வந்த கருத்துகள்

பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்தக் கதைக்கு ஒரு சிரிப்பு வர வேண்டியிருக்கிறது. தவிர்க்க முடியாத காரணங்களால் அது தாமதமாக வந்து சேரும். சிரமத்திற்கு வருந்துகிறோம்.

இதை நான் நாகமரம் ஜங்ஷனின் இரண்டாம் நடைமேடையில் நின்று சொன்னால் கையில் பெட்டியோடு நிற்கிற முந்நூறு பேரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்காருவார்கள், ஏனென்றால் ஒலிபெருக்கியில் பேசுகிற அந்த முகம் தெரியாத அம்மாவின் குரல் என் தொண்டையில் அச்சு அசலாகக் குடியிருக்கிறது. அந்த அம்மா மட்டுமில்லை, ரயில் கார்டு மலையாளி உண்ணி மாமா, பார்சல் ஆபீஸ் பொன்னாத்தா அக்கா, டிக்கெட் பரிசோதகர் டில்லிபாபு அண்ணன், ஷண்டிங் இன்ஜின், பால்காரர் சைக்கிளின் பிரேக் எல்லாமும் அங்கேதான். நான் ஹெப்சிபா, தண்டவாளத்தில் சுத்தியலோடு நடந்து ஆணி சரிபார்க்கிற கீமேன் ஞானராஜின் மகள், பதினொன்றாம் வகுப்பு. வீட்டில் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவதுகூட அம்மா குரலில்தான், அம்மாவிடம் காபி கேட்பது அப்பா குரலில்தான். "உன் சொந்தக் குரல் எதுடீ?" என்று டீச்சர் ஒரு தடவை கேட்டதற்கு, அந்தக் கேள்வியையே அவர் குரலில் திருப்பிக் கேட்டுவிட்டு ஒரு பீரியட் முழுக்க வெளியே நின்றேன்.

சிரிப்பு இது இல்லை. இன்னும் நேரம் இருக்கிறது.

நாகமரம் ஜங்ஷனில் ரயில்வேக்காரர்களைத் தவிர வேறு யாரும் கிடையாது. நான்கு திசையிலிருந்து நான்கு பாதை வந்து சேர்கிற இடம் என்பதால் மனுஷர்களும் நான்கு திசையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள், பேச்சும் அப்படியே. அந்தக் குடியிருப்பில் ஒரு வாசகசாலை, அதில் ஞாயிறுதோறும் நான்கு மணிக்கு, பெரும்பாலும் பதினெட்டு நிமிடம் தாமதமாக, வாசகர் வட்டம். தான் புதிதாகப் படித்த நாவலைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம். செயலாளர் தாணுமாலயன் சார் பச்சைக் கொடியைத் தூக்கினால் பேச ஆரம்பிக்க வேண்டும், சிவப்புக் கொடியைத் தூக்கினால் பாதிச் சொல்லில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும், சிக்னலைத் தாண்டிப் பேசியவருக்கு அடுத்த வாரம் பேச்சில்லை.

தாணுமாலயன் சார் எங்கள் ஸ்டேஷன் சூப்பரிண்டெண்டாக இருந்தவர், நாகர்கோவில்காரர், அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதனால் அவர் சிரிப்பை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. கூட்டத்தில் யார் எந்த நாவலைப் பற்றிப் பேசி முடித்தாலும் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எந்தப் பக்கத்துல சிரிச்சீங்க?"

"ஐயோ, சிரிக்கவே இல்லைங்க சார்!" என்று கையைப் பிசைந்துகொண்டு எல்லோரும் சொல்வார்கள். இலக்கியத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பது அவருக்குப் பிடிக்காது என்பது குடியிருப்பில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

போன ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்து, பத்தாம் நாள் வாசகசாலையைத் திறந்தபோது, நாவல்கள் பேச ஆரம்பித்திருந்தன. ஒருவர் ஒரு நாவலைப் படித்து மூடி வைத்தால், அடுத்து யார் அதைத் திறக்கிறார்களோ அவர்களிடம், படித்தவரின் குரலிலேயே, படித்தவர் மனதில் நிஜமாக நினைத்ததை அது சொல்லும், ஒரே ஒரு தடவை. பொன்னாத்தா அக்காதான் முதலில் கேட்டார். ஒரு தடித்த குடும்ப நாவலைத் திறந்தால் உள்ளேயிருந்து உண்ணி மாமா, "அம்பது பக்கம் வரெ ஒரே இழுவை. அந்த அம்மாயியம்மா நம்மட வீட்டில் உள்ள ஆளு தன்னே" என்று தன் மாமியாரையும் இழுத்தாராம். அக்கா புத்தகத்தை மூடி மேஜையில் வைத்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டு, "அதே நாவலைப் போன வாரம் ஆகா ஓகோன்னாருங்களே உண்ணி" என்றார். அதிசயத்தைப் பற்றி அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு. ஏன் எப்படி என்று கேட்டவர்கள் இரண்டு நாள் கேட்டார்கள், மூன்றாம் நாள் கேன்டீனில் பஜ்ஜி சூடாகப் போட்டார்கள், கேட்பது நின்றது.

பிறகு எல்லாம் அதனதன் வழக்கத்துக்கு வந்தது. கூட்டத்தில் முதலில் புத்தகம் பேச வேண்டும், பிறகு ஆள் பேச வேண்டும், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைய டீ அவர் செலவு என்று தீர்மானம் போட்டார்கள். முதல் மாதம் யாரும் வீட்டில் டீ குடிக்கவில்லை. நாற்பத்திரண்டாம் பக்கத்தோடு தூங்கிப்போனவர்களின் நாவல்கள் குறட்டை விட்டன. மருமகன் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை படிச்ச நாவல் ஏதாச்சும் இருந்தா ரெண்டு எடுத்து வைங்க" என்று வாசகசாலைக்கு வந்தார்கள். கோட்ட அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, ஓசை எழுப்பும் நூல்கள் எண்ணூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் துணி உறை தைக்கச் சொல்லிப் பரிந்துரைத்துவிட்டு, மாலை வண்டியில் போனார்கள்.

மழைக்கு முன்னால் படித்தவர்களின் குரல்களும் உள்ளே வரிசையாக இருந்தன. இறந்துபோன டிரைவர் அந்தோணிசாமி நாற்பது துப்பறியும் நாவல் படித்திருந்தார். அவர் மனைவி லூர்தம்மாள் ஒரு நாவலை மட்டும் திறந்து, "கொலைகாரன் டாக்டர்தான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று அவர் பெருமையடிப்பதைக் கேட்டுவிட்டு, மீதி முப்பத்தொன்பதையும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லித் தனி அலமாரியில் வைக்கச் செய்தார். மாதம் ஒன்றைத்தான் திறந்து கேட்பார். "உங்களுக்கு வேணும்னா நான் பேசிக் காட்டறேன், அவர் குரல் எனக்கு வரும்" என்று நான் ஆசையாகக் கேட்டதற்கு என் கன்னத்தைத் தொட்டு, "வேணாம் பாப்பா, இருக்கறதே போதும்" என்றார். அந்தக் குரலை மட்டும் நான் அதற்குப் பிறகு எடுப்பதில்லை.

இன்னொரு வழக்கமும் தானாக வந்தது. புத்தகம் கூட்டத்தில் சொன்னால் அது எல்லோருக்கும். தனியாகத் திறந்தவரிடம் சொன்னால் அது கடிதம் மாதிரி, அதைப் பற்றிப் படித்தவரிடம் போய்க் கேட்பது மரியாதை இல்லை. இந்த மரியாதையை நம்பித்தான் நான் என் வேலையை ஆரம்பித்தேன்.

ஏனென்றால் அந்த எண்ணூற்றுப் பன்னிரண்டில் சேராமல் ஒரே ஒரு நாவல் மட்டும் பேசாமல் இருந்தது.

அது மூன்று விரல் அகலம், பெயர் 'இருப்புப் பாதையில் ஒரு கண்ணீர்த் துளி'. எழுதியவர் தாணுமாலயன். பின்னட்டையில் தலை நிறைய முடியோடு அவரே முறைத்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாக அது கடைசி அலமாரியில் நிற்பது எல்லோருக்கும் தெரியும், படிக்கப் பயம். பிடிக்கவில்லை என்றால் என்ன சொல்வது, பிடித்திருந்தால் எந்த முகத்தோடு சொல்வது. சார் அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் நாவல்கள் பேச ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் மூன்றே முக்காலுக்கு, எல்லோரும் வெளியே பஜ்ஜிக்கு நிற்கும்போது, அவர் தனியாக உள்ளே வருவார், அந்தப் புத்தகத்தை எடுப்பார், திறப்பார், காதை ஒரு பக்கம் சாய்த்து நிற்பார். எழுதியவர் படித்தது கணக்கில் வராது என்று நாவல்கள் தங்களுக்குள் முடிவு செய்திருந்தன போலிருக்கிறது, அவர் குரல்கூட வராது. ஒரு நிமிடம் நிற்பார். மூடி வைப்பார். கொடிகளை எடுத்துக்கொண்டு வெளியே போவார்.

நான் அந்த அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து மாங்காய் தின்கிறவள். இரண்டு பக்கமும் திறந்த இரும்பு அலமாரி. அவர் புத்தகத்தை உருவியதும் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு சந்து கிடைத்தது. வாயை வைக்க அது தாராளம்.

படிக்காத நாவலைப் பற்றிப் பேசுவது எப்படி என்று வாசகர் வட்டத்தில் உட்கார்ந்து எட்டு வருஷமாகக் கற்றிருந்தேன். பெயரில் கண்ணீர் இருக்கிறது, எழுதியவர் சிரிக்காதவர், வேறென்ன வேண்டும்? முதல் ஞாயிறு உண்ணி மாமாவை எடுத்தேன். "சாரே, நாவல் நன்னாயிட்டுண்டு. பக்ஷே நெஞ்சுக்குப் பாரமாயிப் போயி. ஞான் கரைஞ்சு போயி, சாரே."

சந்து வழியாக அவர் கழுத்து மட்டும் தெரிந்தது. அதில் ஒரு நரம்பு துடித்தது. பதினோரு வருஷம் கழித்து ஒரு குரல். நான் வாயில் கையை அடைத்துக்கொண்டு குலுங்கினேன். அவர் புத்தகத்தை மெதுவாக, மிக மெதுவாக வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவர் வாடினாற்போல இருந்தார். அழுகை போதவில்லையோ என்று நினைத்துப் பொன்னாத்தா அக்காவை இறக்கினேன். "ஏனுங் சார், இதைப் படிச்சுப்போட்டு ரெண்டு நாளாச் சோறு எறங்கலீங். அழுது அழுது கண்ணு வீங்கிப்போச்சுங்." அன்று கூட்டத்தில் அவர் பச்சைக் கொடியைப் பாதிதான் தூக்கினார், பேச வேண்டியவர் புறப்படுவதா நிற்பதா என்று தெரியாமல் தவித்தார். "எந்தப் பக்கத்துல சிரிச்சீங்க?" என்ற கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

மனுஷனுக்கு எவ்வளவு கண்ணீர்தான் வேண்டும்? மூன்றாம் வாரம் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. டில்லிபாபு அண்ணனை முழு வேகத்தில் விட்டேன். "இன்னா நாவல் சார் இது! தூக்கமே வர்ல. ஒரே பீலிங்கா பூட்ச்சு. குந்திக்கினு தேம்பித் தேம்பி அய்தேன் சார், ஊட்ல அல்லாரும் பயந்துட்டாங்கோ!"

அவர் புத்தகத்தை மூடினார். "மூணு பேர்," என்று தனக்குள் சொன்னார். "மூணு பேரும்."

மறுநாள் திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் அவர் கையெழுத்தில் ஒரு தாள். 'இருப்புப் பாதையில் ஒரு கண்ணீர்த் துளி' என்ற நூல் வரும் ஞாயிறு கூட்டத்தில் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். நூலாசிரியரிடம் மீதியுள்ள பிரதிகள், பொட்டலம் கட்ட உதவும் பொருட்டு, பார்சல் அலுவலகத்துக்கு அளிக்கப்படும். செயலாளர் பொறுப்பிலிருந்தும் விலகுகிறேன்.

"நல்லாத்தானுங்க இருந்தாரு," என்றார் பொன்னாத்தா அக்கா தாளைப் படித்துவிட்டு. "யாராச்சும் அவரு நாவலைத் திட்டிப்போட்டாங்களா?"

"யார்யா திட்டுவா? படிச்சாத்தானே திட்ட," என்றார் டில்லிபாபு அண்ணன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று பேரை விட்டுப் பாராட்டியிருக்கிறேன், எங்கள் ஜங்ஷனில் எந்த நாவலுக்கும் இவ்வளவு கண்ணீர் வந்ததில்லை. அப்படி என்னதான் எழுதித் தொலைத்திருக்கிறார் என்று அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து, முதல் தடவையாக அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். உள்ளே யாரும் பேசவில்லை. யாரும் படித்திருக்கவில்லை, நான் உட்பட.

கதை இதுதான். சின்ன வெங்காயம் ஏற்றிய ஒரு வேகன். எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று எழுதிய சீட்டு மழையில் கரைந்துவிடுகிறது. எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்க மாட்டேன் என்கிறார். வேகன் ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்றுகிறது, உள்ளே மூட்டை கிழிந்து வெங்காயம் நசுங்குகிறது, அது நிற்கிற இடமெல்லாம் மொத்த ஸ்டேஷனும் கண்ணீர் விடுகிறது. ஒரு ஊரில், மாஸ்டர் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பச்சைக் கொடி காட்டுவதைப் பார்த்த ஊர்க்காரர்கள், பாவம் இவர் மனைவி போய்விட்டாள் என்று முடிவு செய்து, பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். கதவைத் திறப்பது அந்த மனைவி. அவள் மாலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூ வாடியிருக்கே, வேற இல்லையா?" என்கிறாள். இத்தனையும் ரயில்வே அறிக்கை எழுதுகிற அதே முறைப்பான தமிழில், ஒரு இடத்திலும் முகம் கோணாமல்.

எழுபத்தெட்டாம் பக்கத்தில் நான் சிரித்து உருண்டு சுவரில் முட்டினேன். நடுவில் மூடாமல் கவிழ்த்து வைத்து மூன்று சாயங்காலம் படித்தேன். மூன்றாம் நாள், கடைசி வரியில், வெங்காய வேகன் புறப்பட்ட ஸ்டேஷனுக்கே திரும்பி வந்து, அனுப்பியவரே அதை அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்பும்போது, புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு பல்லியைப் பார்த்துச் சிரித்தேன், விளக்கைப் பார்த்துச் சிரித்தேன், பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினேன்.

எட்டு வருஷமாக அந்த மனுஷன் எல்லோரிடமும் கேட்ட கேள்வி என்ன கேள்வி என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் வயிறு வலிக்கச் சிரிக்க எழுதியதற்கு, மூன்று பேரைக் கூட்டிவந்து ஒப்பாரி வைத்திருக்கிறேன்.

போய்ச் சொல்லிவிடலாம். "சார், நான் சிரிச்சேன் சார்." யாருடைய சிரிப்பு என்பார்கள். உலகத்தில் நான் சொல்லி நம்பாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். நம்புகிற மாதிரிச் சொல்ல இனி ஒரே ஒரு ஆள் இருந்தது, அது என் மடியில் இருந்தது. உள்ளே என் குரல் போய்விட்டது, மனதில் நினைத்தது அத்தனையோடும். அடுத்து திறப்பவருக்கு அது எல்லாவற்றையும் கொட்டிவிடும்.

ஞாயிறு மூன்றரைக்கு நான் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அட்டையை ஒரு விரல் தூக்கினால் போதும். ஒரே தடவைதான் பேசும். எனக்குப் பேசிவிட்டால் தீர்ந்தது, நான் தப்பித்தேன், மூன்று வாரத்துக் குறும்பும் மூன்று பேர் பெயரில் பத்திரமாக இருக்கும், புத்தகம் பதிவேட்டை விட்டுப் போகும், வெங்காயம் பொட்டலமாகும். விரலை அட்டைக்கு அடியில் கொடுத்தேன். வெளியே லூர்தம்மாள், "இந்த மாசத்து நாவலை எடுக்க வந்தேன்" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

விரலை எடுத்தேன். புத்தகத்தை அதன் சந்தில் திருப்பி வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாகக் கூட்டத்தில் முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

பயணிகளின் கவனத்திற்கு. சிரிப்பு இப்போது முந்தைய ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது.

அன்று மூன்றே முக்காலுக்கு சார் உள்ளே வரவில்லை. கூட்டம் சரியாக நான்கு மணிக்கு, தாமதமில்லாமல், தொடங்கியதிலேயே எல்லோருக்கும் பயம். அவர் அலமாரியிலிருந்து நூலை எடுத்து வந்து மேஜையில் வைத்தார், பதிவேட்டை விரித்தார், சிவப்பு மையைத் திறந்தார். "நீக்கறதுக்கு முன்னால நூலைத் திறந்து பார்த்து, உள்ளே யார் கருத்தாவது மிச்சமிருந்தா பதிவு பண்ணணும். விதி," என்றார். "நாலாவது ஆளும் அழுதிருந்தா மன்னிச்சுக்கிடுங்க."

திறந்தார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டார். அந்த உறிஞ்சல் ஒரு விக்கலாயிற்று, விக்கல் இரண்டாயிற்று, கொதிக்கிற பாத்திரத்தின் மூடி மாதிரி எதுவோ உள்ளேயிருந்து தடதடவென்று தட்டியது, அப்புறம் மூடி பறந்துவிட்டது. புத்தகம் சிரித்தது. மேஜை ஆடச் சிரித்தது, மைப்புட்டி நகர்ந்தது, சிரிப்பு மூச்சு வாங்கி நின்று, நினைத்துப் பார்த்து, மறுபடி ஆரம்பித்தது. "எய்யா... முடியலயே... எழுவத்தெட்டாம் பக்கம்... வேற மாலை இல்லியான்னு கேக்கா பாரு... வயிறு வலிக்கி... எவனாவது அந்த வெங்காயத்தை எறக்குங்களேம்ல..."

முதலில் பொன்னாத்தா அக்காவுக்குத் தொற்றியது, பிறகு உண்ணி மாமா, பிறகு யார் என்று சொல்ல முடியாது. என்ன வெங்காயம், யார் மாலை என்று தெரியாமலே நாற்பது பேர் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார்கள். "ஆர் குரலுங்க இது? கேட்டதேயில்லியே!" என்றார் அக்கா மூச்சுவாங்கிக்கொண்டு. "கன்னியாரி பக்கமா? திருநெல்வேலியா?" என்றார் உண்ணி மாமா. கடைசி வரிசையில் என் அப்பா மட்டும் எழுந்து நின்று, சிரிக்காமல், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாணுமாலயன் சார் புத்தகத்தை மூடவில்லை. சிவப்பு மையை மூடினார். பிறகு எங்கள் ஜங்ஷனில் யாரும் செய்யாத மரியாதைக் குறைவைச் செய்தார்.

"உண்ணி, நீங்க எந்தப் பக்கத்துல அழுதீங்க?"

"ஞானோ? இது ஞான் படிச்சிட்டில்லா, சாரே."

"பொன்னாத்தா?"

"நானுங்களா? எனக்கெதுக்குங் பொய்யி, தொட்டதில்லீங்."

"டில்லிபாபு, வீட்டுல எல்லாரும் பயந்தாங்களாமே?"

"எதுக்கு சார்?"

சார் மெல்லத் தலையைத் திருப்பிக் கடைசி அலமாரியைப் பார்த்தார். புத்தகம் இருந்த இடத்தில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு சந்து, அதன் வழியாகப் பின்சுவர் தெரிந்தது, சந்தின் கீழ்த்தட்டில் நான் கடித்துப் போட்ட மாங்கொட்டை தெரிந்தது. அவர் சந்தைப் பார்த்தார். மாங்கொட்டையைப் பார்த்தார். முன் வரிசையில், வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். அவர் வாயோரத்தில் ஏதோ ஒன்று, பல வருஷம் யாரும் கையெழுத்துப் போட்டு வாங்காத ஒன்று, மெதுவாக நகர ஆரம்பித்தது.

"ஹெப்சிபா," என்றார், பச்சைக் கொடியைக் கையில் எடுத்துக்கொண்டே. "மூணு பேரும் நீதானா?"